பாரைத் தலைப் பரணி

அமரிலே ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவதே பரணி என்பர் புலவர். யானை விற்கும் விலையில் இன்று அது நடவாது. ஆகவே, நூற்றெண்பது மாதத் தவணைகள் என்னும் நூற்றெண்பது மதயானைகளில் இருபத்து மூன்றை அகப்பைக் காம்பினாலேயே அடித்துச் சாய்த்துவிட்டு, மிகுதி நூற்றைம்பத்தேழையும் எதிர்நோக்கிச் சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகி நிற்கும் வெள்ளவத்தை வீராங்கனை, ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு முடிசூடா அரசி, ஒரே தேங்காயை மும்முறை பிழிந்து நான்காம் முறையும் முறைத்துப் பார்ப்பவள், காஸ் சிலிண்டரின் கர்வம் அடக்கியவள், திருமதி ஜெகதீஸ்வரி தில்லைநாதன் வாழி! பன்புல்லால் இழைத்த அவளது சந்தைப் பன்பை வாழி! அவளது பிடிவாதம் நீடூழி வாழி! கொழும்புக் கோட்டையிலே கப்பற் கம்பனியொன்றில் எழுதுவினைஞராய்ப் பணியாற்றி, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவும் அவள் கணவர் தில்லைநாதனும் ஓரளவுக்கு வாழி.

வடக்கே பீரங்கிகள் முழங்க, தெற்கே சோதனைச் சாவடிகள் முளைக்க, கிறிஸ்து பிறந்து ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்த முதல் மூன்றாண்டுக்குள்ளேயே இத்தம்பதியர் மூன்று வாடகை அறைகளை ஆண்டு, மூன்றையும் இழந்திருந்தனர். முதலாம் வீட்டுக்காரர், தமிழர் தங்குவதற்குரிய பொலிஸ் பதிவைக் கேட்டார். இரண்டாமவர் விருந்தாளிகளின் பதிவையும் கேட்டார். மூன்றாமவரோ, நகரில் குண்டு வெடித்த ஒரு காலையில் ஒன்றும் கேளாமல், பின்னேரத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். அன்று பின்னேரம் காலி வீதி என்னும் நெடுஞ்சாலையோரத்தில், இரண்டு சூட்கேசுகளுக்கும் ஒரு பிரஷர் குக்கருக்கும் நடுவே நின்றுகொண்டு, பேருந்துகள் யாவும் கேட்கும்படி நம் தலைவி சபதம் உரைத்தாள்:

“இனி இன்னொருத்தன்ர சுவருக்குள்ள நான் அடுப்பு மூட்டமாட்டன்! கேட்டுதோ?”

தில்லைநாதனுக்குக் கேட்டது. தாலிக்கொடி தவிர்ந்த நகைகளெல்லாம் கரைந்தன. மிச்சத்துக்கு வங்கி கைகொடுத்தது. கைகொடுத்த வங்கி அந்தக் கையை இன்றுவரை விடவில்லை. ஆனாலும் இரண்டு அறையும் ஒரு குசினியும், எட்டிப் பார்த்தால் தெரியும் ஒரு முழம் கடலும் அவளுடையவையாயின. பூட்டைத் திறந்து உள்ளே போன முதல்நாள் அவள் சுவரைத் தொட்டுப் பார்த்து அழுதாள் என்பதை இந்தக் காவியம் மறைக்காது.

அன்றுதொட்டு அக்குசினி பாசறையாயிற்று. தேங்காயின் முதற்பால் குழம்புக்கும், இரண்டாம் பால் சொதிக்கும், மூன்றாம் பால் சோற்றுக்குமாய்ப் படைபிரிந்து செல்லும். சோறு முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, மூடியின்மேல் அம்மிக் குழவியை ஏற்றிவைத்து, மிச்சக் கால் பதத்தைத் தன் சூட்டிலேயே வேகும்படி ஆணையிடுவாள். சோறும் பணிந்து வேகும். வாழைக்காயின் சதை குழம்பாகும், தோல் வறையாகும். பூசணியின் தோல் துவையலாகும். விதை வறுபட்டு, தில்லைநாதன் வேலைக்குக் கொண்டுபோகும் சிறு பொட்டலமாகும். எஞ்சிய பாண் ரொட்டிக்கு அவ்வீட்டில் மரணமே கிடையாது. இவ்வாறு மாதம் பிறந்து மாதம் மடிய, தவணைப் பணம் பிஸ்கற் தகரப் பேணிக்குள் தாளுக்குமேல் தாளாய் அடுக்கப்பட்டு, உரிய நாளில் வங்கிக்குப் போய்ச் சேரும்.

சென்ற மாதம் மட்டும் தில்லைநாதனின் கடைவாய்ப் பல்லொன்று துரோகம் இழைத்தது. பல்வைத்தியருக்குப் போன காசால் தவணை நான்கு நாள் பிந்தியது. வங்கி மனேஜர் மிக மரியாதையாய், நீலக்கோட்டு உறையிலிட்டு, ஒரு கடிதம் எழுதினார்: இன்னொரு தடவை பிந்தினால் வீடு சம்பந்தமாக நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று. ஜெகதீஸ்வரி அக்கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். இம்மாதத் தவணை நாளை திங்கட்கிழமை கட்டவேண்டும். பேணிக்குள் பணம் சரியாக இருந்தது. ஒரு ரூபா கூடவுமில்லை, குறையவுமில்லை.

இனி, இப்போருக்கெல்லாம் மூலமான பூனையைப் பாடுவோம்.

அந்தப் பூனை இவ்வுலகில் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை. எனினும் ஞாயிறுதோறும் நண்பகலில், வெள்ளவத்தைச் சந்தையில் துண்டு மீன்கள் விற்றுத் தீர்ந்து தலைகள் மட்டும் மிஞ்சும் வேளையில், ஜெகதீஸ்வரி மீன் வியாபாரி புவாத்தின் முன் தோன்றி, வானத்தைப் பார்த்தபடி, “பூனைக்கு ஒரு தலை தாரும்” என்பாள். பூனைக்கென்றால் இருபது ரூபா. அந்தத் தலை அவள் குசினிக்குள் புகுந்து, பழப்புளியும் வெந்தயமும் தூளும் சேர்ந்து, அயலெல்லாம் மணக்கும் குழம்பாகி இரண்டு நாள் ஓடும். தங்களுக்கென்று கேட்க அவளுக்கு வாய் வராது. அறுக்குளா, விளைமீன் என்னும் விலைகூடிய மீன்களைத் தவிர வேறு தின்றறியாத குடும்பம் என்று கட்டடம் முழுவதும் சொல்லி வைத்தவள் அவளே அல்லவா? தலை வாங்கித் தின்கிறார்கள் என்ற சேதி வெளிப்பட்டால், அது மாலைக்குள் நாலாம் மாடிக்கும், மறுநாள் லண்டனுக்கும், வெள்ளிக்கிழமைக்குள் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மச்சாளின் காதோ கடல் தாண்டி நீளும் காது.

தவணைக்கு முந்திய அந்த ஞாயிறன்றும் போர்க்கோலம் பூண்டாள் தலைவி. வலக்கையில் குடை, இடக்கையில் பன்பை, கைப்பைக்குள் அடையாள அட்டையும், பொலிஸ் பதிவுத் துண்டும், இருபத்தைந்து ரூபாவும். காலி வீதிச் சாவடியில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் வெறும் பன்பையைத் திறந்து உள்ளே நெடுநேரம் பார்த்தான். அதற்குள் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாதது அவனுக்கே கவலையாக இருந்திருக்க வேண்டும். போகச் சொன்னான்.

சந்தையிலே, உருகிய பனிக்கட்டியின் மேல், தன்னந்தனியாய் வீற்றிருந்தது பாரை மீனின் தலை. ஆகா, அது என்ன தலை! கழுத்தோடு ஒரு சாண் சதை ஒட்டியிருந்த தலை. குழம்பு வைத்தால் மூன்று நாளும், சிக்கனமாய்ப் பரிமாறினால் நான்காம் நாள் காலையும் கண்டிருக்கும் தலை. இப்பெருந்தலைக்கு ஒருபுறம் ஜெகதீஸ்வரி வந்து நிற்க, அதே கணம் மறுபுறம் இன்னொரு பன்பையும் வந்து நின்றது. அதைப் பிடித்திருந்தவள் நாலாம் மாடி கனகேஸ்வரி. கட்டடச் சங்கத்தின் செயலாளர் நவரத்தினத்தின் மனைவி. இறைச்சிக் கடைக்காரனையே விலை பேசி அழவைத்தவள் என்று பெயர் எடுத்தவள்.

இரு வீராங்கனைகளும் ஒருவரையொருவர் கண்டு புன்னகைத்தனர். தலையை இருவரும் பார்க்கவில்லை. பார்ப்பவள் தோற்றாள் என்பது அக்களத்தின் விதி. ஒருத்தி கீரையின் விலையை வியந்தாள். மற்றவள் வெயிலை வைதாள். ஈயொன்று தலையின்மேல் அமர்ந்து, இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பறந்தது. முதலில் பொறுமை இழந்தவள் கனகேஸ்வரி.

“தம்பி, உந்தத் தலையைச் சுத்தித் தாரும். எங்கட பூனைக்கு.”

“பொறும் தம்பி,” என்று முழங்கினாள் ஜெகதீஸ்வரி. “நான் முதலே வந்தனான். என்ர பூனை ரெண்டு நாளாப் பட்டினி.”

“என்ர பூனை குட்டி போட்டிருக்கு, தங்கச்சி. பால் குடுக்கிற பூனை.”

இது பலத்த அடி. தாய்மையின் முன் பட்டினி தலைகுனிந்தது. ஆயினும் இருபத்து மூன்று யானைகளை வீழ்த்தியவள் ஒரு பொய்க் குட்டிக்கா அஞ்சுவாள்?

“என்ர பூனைக்குக் கண் தெரியாது, அக்கா. மணந்துதான் சாப்பிடும்.”

இருள்படிந்த பூனைக் கண்களை எண்ணிப் புவாத்தின் நெஞ்சு இளகிற்று; கை ஜெகதீஸ்வரியின் பக்கம் சாய்ந்தது. கண்டாள் கனகேஸ்வரி, ஒரு பூனையை இரண்டாக்கினாள். கண்டாள் ஜெகதீஸ்வரி, வெறி தலைக்கேறியது. தவணையும் மறந்தாள், தரையும் மறந்தாள். குடையைச் சிமெந்துத் தரையில் ஊன்றி, சந்தையின் தகரக் கூரை அதிரும்படி அறைகூவினாள்:

“மூண்டு! நான் மூண்டு பூனை வளக்கிறன்!”

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினாள். ஞாயிற்றுப் பத்திரிகையைக் கக்கத்தில் செருகியபடி, மனைவியைத் தேடி வந்த செயலாளர் நவரத்தினம் அங்கே நின்றார். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்தது சங்கக் குறிப்புப் புத்தகம். வாளை உறையிலிருந்து உருவுபவர்போல அதைத் திறந்தார்.

“மிசிஸ் தில்லைநாதன்,” என்றார். “பில்டிங்கில நாய், பூனை, கோழி வளக்கேலாது. ஒண்டுக்கு ஐந்நூறு ரூபா தண்டம். மூண்டெண்டு நீங்களே சொன்னியள். ஆயிரத்தைந்நூறு. நாளைக்குக் கட்டவேணும்.”

நாளை என்ற சொல் அவளுக்குள் இடியாய் இறங்கிற்று. பேணிக்குள் இருந்த தாள்கள் கண்முன் பறந்தன. சாமிப் படத்தின் பின்னாலிருந்து அந்த மரியாதையான கடிதம் எட்டிப் பார்த்தது. தண்டத்தைக் கட்டினால் தவணை தவறும். தவணை தவறினால் மீண்டும் காலி வீதியோரம், சூட்கேஸ், பிரஷர் குக்கர். பூனை இல்லை என்று சொன்னாலோ, ஞாயிறுதோறும் வாங்கிய தலைகள் எங்கே போயின என்ற கேள்வி வரும். ரொறன்ரோ மச்சாளின் காது நீளும். எப்பக்கம் திரும்பினாலும் அடி.

அவ்வேளையில் புவாத் நல்ல மனதோடு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினான்.

“என்னா சேர், இவங்கள மட்டும் பிடிக்கிறீங்க? உங்கட பில்டிங்ல மட்டும் பதினொரு ஊட்டுக்கு நான் பூனைத் தலை கொடுக்கிறன்.”

நவரத்தினத்தின் பேனை பெருமகிழ்வுடன் துடித்தது. “பதினொண்டோ? ஆர் ஆர்? சொல்லும்!”

கனகேஸ்வரியின் முகம் பனிக்கட்டி மேலிருந்த தலையின் முகத்தைப்போல் வெளிறியது. ஜெகதீஸ்வரி அவளைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டினால் போதும். உங்கள் மனைவிக்கும் இரண்டு பூனை, ஒன்று பால் கொடுக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், செயலாளரின் புத்தகம் செயலாளரையே விழுங்கும். அந்த விரல் எழவும் எழுந்தது. ஆனால் கனகேஸ்வரியின் கைப்பையின் வாயில், அதே வங்கியின் அதே நீலக்கோட்டுக் கடித உறை ஒன்று தலைகாட்டிக்கொண்டிருந்ததை அவள் கண்டாள். இவளும் பாவம் என்று நினைத்தாள். விரல் மடங்கிற்று. குடை தாழ்ந்தது. மானத்தைப் பணயம் வைத்து வீட்டை மீட்க முடிவுசெய்தவளாய், ஏழு தலைமுறைப் பெருமையையும் ஒரே மூச்சில் விட்டெறிந்து உரைத்தாள்:

“பூனையுமில்லை, ஒண்டுமில்லை, நவரத்தினம் அண்ணை. நாங்கள்தான் தின்னுறம்.”

தேங்காய் உடைப்பவனின் கத்தி அந்தரத்தில் நின்றது. ஜெகதீஸ்வரி அழவில்லை. நவரத்தினம் என்ன எழுதுவதென்று தெரியாமல் புத்தகத்தைப் பார்த்தார். அப்போது, மறுபுறத்துப் பன்பையிலிருந்து வருவதுபோல மெல்லிய குரலொன்று எழுந்தது.

“இஞ்சேருங்கோ, ஒண்டும் எழுதாதேங்கோ. போன ஞாயிறு நீங்கள் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனீங்கள்... அதுவும் இதுதான்.”

செயலாளர் மனைவியைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், தலை அவரைப் பார்த்தது. சங்கத்தின் சட்டதிட்டங்கள் யாவும் அவர் நாவிலே புளிக்குழம்பாய்க் கரைந்தன. புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“நல்லாத்தான் இருந்தது,” என்றார் கடைசியில்.

அக்கணமே பகை பொடியாயிற்று! பதினொரு வீட்டுப் பூனைகளும் ஒரே நொடியில் மாண்டு, பதினொரு குடும்பங்கள் அவ்விடத்தில் உயிர்த்தெழுந்தன! கனகேஸ்வரி ஜெகதீஸ்வரியின் கையைப் பற்றிக்கொண்டாள். “எனக்குத் தவணை பிந்திப்போச்சு, தங்கச்சி,” என்றாள், கைப்பையைத் தொட்டுக் காட்டி. இருவரும் சிரித்தார்கள், கண்ணும் கொஞ்சம் கலங்கிற்று. தலையை நேர்நடுவே பிளந்து ஆளுக்குப் பாதி, ஆளுக்குப் பத்து ரூபா, கழுத்துச் சதையில் எள்ளளவும் கூடாமலும் குறையாமலும் என்று வெள்ளவத்தை இதுவரை கண்டிராத சமாதான உடன்படிக்கை அவ்விடத்திலேயே எழுந்தது. வெற்றிக் களிப்போடு இருவரும் பன்பைகளை அகலத் திறந்து பிடித்தனர். புவாத் கத்தியை ஓங்கினான்.

ஓங்கிய கத்தி இறங்கவில்லை. அவன் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப இது நீங்க திங்கிறதுக்கா?” என்றான். “யா அல்லா! ரெண்டு வருசமா வாயில்லாச் சீவனெண்டு பாவம் பாத்துக் கொடுத்தனே! அக்கா, இருவது ரூவா பூனைக்கு. மனிசருக்கு நூத்தி இருவது.”

அறைகூவல்கள் ஓய்ந்தன, சூளுரைகள் சுருண்டன, மூன்று நாளும் நான்காம் நாள் காலையும் குழம்பாய் ஓடவேண்டிய அந்தப் பெருந்தலை, உருகும் பனிக்கட்டியின் மேல், யாராலும் வெல்லப்படாமல் வாயைத் திறந்தபடி கிடந்தது.

ஆளுக்குக் கால் கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.