நத்தைக்கு நாள் பார்த்தவள்

பீப்பாயின் மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு நத்தைகள் வெளியே வந்துகொண்டிருந்தன.

"படிச்சவளே, உன் கைதிங்க தப்பிச்சுப் போறாங்க," என்றார் அப்பா, முட்டைக்கோஸ் பாத்தியில் நின்றபடி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டாள். விஷமில்லாமல் விளைவித்துக் காட்டுகிறேன் என்று நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவள். அவள் நம்பிய உயிராற்றல் வேளாண்மையில், பயிரைத் தின்பதைப் பிடித்து எரித்து அந்தச் சாம்பலையே வயலில் தூவ வேண்டும்; மிச்சமுள்ளவை ஓடிவிடும். ஆனால் நிலா சரியான ராசிக்கு வரும் நாளில்தான் எரிக்க வேண்டும். அதற்கு இன்னும் பதினெட்டு நாள்.

"அதுக்குள்ள பட்டினியில செத்துட்டா?"

"செத்ததுக்கு வீரியம் இல்லப்பா. சோறு போட்டுத்தான் ஆகணும்."

முற்றிய இலையை அவை சீந்தவில்லை. கொழுந்தாகப் பறித்துப் போட்டாள். மூடிமேல் கல்லை வைத்தாள். மூச்சுத் திணறுமே என்று ஆணியால் துளை போட்டாள். பத்து நாளில் அந்தத் துளை வழியே மிளகளவு குஞ்சுகள் வரிசையாக வந்தன. ஈரச் சாக்கு விரித்து இரண்டாவது பீப்பாய் வைத்தாள். பிறகு மூன்றாவது.

"வயல்ல இருந்தப்பகூட இதுங்க இவ்வளவு தின்னலம்மா. திங்கக்கிழமை ஆய்வுல இயற்கை விவசாயச் சான்றிதழ் கிடைக்கலைன்னா, செவ்வாய்க்கிழமை நான் மருந்தடிக்கிறேன்."

"கிடைக்கும். ஸ்பிரேயர்ல கையை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மாள் ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். நிலா அந்த ராசிக்கு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. பாதி வயல் மொட்டைத் தண்டாக நின்றது. பீப்பாய்களை அவள் தார்ப்பாயால் மூடியிருந்தாள். தார்ப்பாய் நெளிந்தது.

ஆய்வாளர் அதைத் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு நத்தையை எடுத்து ஓட்டைத் தட்டினார்.

"விஷம் ஏதாவது?"

"ஒரு சொட்டு இல்லைங்க."

"என்ன போடுறீங்க?"

"எங்க முட்டைக்கோஸ்தான்." பொய் சொல்ல அவளுக்கு வராது. "நல்ல இலை பூராவும்."

அப்பா ஸ்பிரேயர் இருந்த கொட்டகைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"இந்த வருஷம் நான் பார்த்ததுலயே நல்ல நத்தைப் பண்ணை இதுதாம்மா. சான்றிதழ் தர்றேன், விண்ணப்பத்துல மட்டும் 'விளைபொருள்'ங்கிற இடத்துல தீவனத்தோட பேரை எழுதி வச்சிருக்கீங்க, அதை மாத்திடுங்க."