உடைமாற்றும் அறை உபகுழு

மலேசியாவின் கிள்ளான் நகரில் இருக்கும் எங்கள் மக்கள் சேவை மன்றத்தின் செயலாளர் என்ற முறையில், மன்ற மண்டபத்துக்கு உடைமாற்றும் அறை கிடைத்த வரலாற்றை வருங்காலத் தலைமுறைக்காகப் பதிவு செய்கிறேன். வருங்காலத் தலைமுறை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் பதிவு செய்வது செயலாளரின் கடமை.

எங்கள் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் லோகேஸ்வரி டீச்சர் பரதம் சொல்லிக் கொடுக்கிறார். பன்னிரண்டு பிள்ளைகள். விழா என்றால் அவர்கள் உடை மாற்றுவது நாற்காலி அடுக்கிவைக்கும் ஸ்டோர் ரூமில். போன தீபாவளி விருந்தின்போது மைக்செட்காரர் நாற்காலி எடுப்பதற்காகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதி உடையில் நின்றது பதின்மூன்று வயது மலர். அன்று ஆடாமலே வீட்டுக்குப் போனவள், இனி வகுப்புக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மலர் என் மகள்.

டீச்சர் மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கேட்டது மூன்றே மூன்று: கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு கண்ணாடி, சேலை மாட்டப் பத்து ஆணி. இதைச் செய்து கொடுத்தால் மலரைத் தானே பேசித் திரும்ப அழைத்து வருவதாகவும் எழுதியிருந்தார். கடிதத்தின் கீழே என்னைத் தவிர எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து பெற்றோர் பிரதிநிதி இராஜம்மாவுடையது.

ஒரு மாலை நேர வேலை. நானே ஹார்ட்வேர் கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டியிருக்கலாம். ஆனால் சொந்தப் பிள்ளை சம்பந்தப்பட்ட விஷயத்தில் பொறுப்பாளர் தலையிடக்கூடாது என்று மன்றத்தின் சட்டவிதி சொல்கிறது. நான் நடுநிலை காத்தேன். கடிதத்துக்கு எண் போட்டுச் செயலவையில் வைத்தேன்.

தலைவர் சிவநேசன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். உணர்ச்சிவசப்பட்டார்.

"போன வருசம் டத்தோ நம்ம ஆண்டு விழாவுக்கு வந்தாரே, மழையில நனைஞ்ச சட்டைய எங்க மாத்துனார் தெரியுமா? கார்ல! ஒரு டத்தோ, கார்ல சட்டை மாத்தறாரு. நமக்கு மானம் வேணாமா?"

டத்தோ என்றால் சுல்தானிடம் பட்டம் வாங்கிய பிரமுகர். மானம் வேண்டும் என்று செயலவை முடிவு செய்தது. பிள்ளைகளும் பயன்படுத்தலாம், டத்தோவும் பயன்படுத்தலாம் என்ற உயர்ந்த நோக்கத்தோடு உடைமாற்றும் அறை உபகுழு அமைக்கப்பட்டது. அலங்கார ஆலோசகராக விஷ்ணுப்ரியா நியமிக்கப்பட்டார். அவர் தலைவருடைய மைத்துனர் மகள். திறமை ஒன்றையே பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, நான்தான் எழுதினேன்.

விஷ்ணுப்ரியா ஒரு பெட்டி நிறைய மாதிரித் துண்டுகளோடு வந்தார். இப்போதைய மோஸ்தர் என்னவென்றால், பணம் செலவழித்தது தெரியவே கூடாதாம். தெரியாமல் இருப்பதற்குத்தான் செலவு அதிகம். பளிங்குத் துண்டு ஒன்றைத் தலைவர் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது.

"இதுல பாலிஷ் இல்லையேம்மா?"

"இப்ப பாலிஷ் போடாததுதான் அங்கிள் டிரெண்ட்."

"நம்ம மண்டபத் தரையும் பாலிஷ் போடாததுதானே?"

"அது போடல அங்கிள். இது போடாம விட்டிருக்காங்க."

இந்த வேறுபாடு உபகுழுவை மிகவும் கவர்ந்தது. பளிங்கு ஏகமனதாகத் தேர்வானது. சுவருக்கு என்ன நிறம் என்று முடிவு செய்ய ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள கடைகளுக்கு ஆய்வுப் பயணம் போனோம். நான்கு மணி நேரம் பதினொரு வகைப் பழுப்பைப் பார்த்தோம். எல்லாம் தே தாரிக் தேநீரில் பால் கொஞ்சம் கூடினதும் குறைந்ததும்தான். ஆய்வை ஆழப்படுத்த அங்கிருந்து காஜாங்குக்குச் சாத்தே இறைச்சி சாப்பிடப் போனோம். சாப்பிட்டு முடித்தபோது ஏழாவது பழுப்பு என்று முடிவாகியிருந்தது. யார் சொன்னது என்று யாருக்கும் நினைவில்லை.

லோகேஸ்வரி டீச்சரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தோம். பயனாளிகளின் கருத்து கேட்கப்பட்டது என்று எழுத வேண்டுமே.

"ஆணி எங்கம்மா வரும்?" என்று டீச்சர் விஷ்ணுப்ரியாவிடம் கேட்டார்.

"ஆணி கண்ணை உறுத்தும் டீச்சர். சுவர் முழுக்க மெத்துத் துணி. ஊசி பட்டாலே போச்சு."

"அப்ப சேலைய எங்க மாட்டறது?"

"இந்த ரூமோட அழகே எதையும் மாட்டாம இருக்கறதுதான்."

"கண்ணாடி?"

"இருக்கு டீச்சர், சுவர் அகலத்துக்கு! புகை கலர்." மாதிரித் துண்டை நீட்டினார். டீச்சர் அதில் பார்த்துத் தன் பொட்டைத் தேடினார். கிடைக்கவில்லை.

"தாழ்ப்பாளாவது..."

"கதவே தெரியாது டீச்சர்! சுவரோட சுவரா இருக்கும். அமுக்குனா திறக்கும். தாழ்ப்பாள் வெச்சா கதவுன்னு தெரிஞ்சிடும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்தில் மண்டபத்தின் முன்பக்கத்தில் புது அறை தயாரானது. உடனே பயன்படுத்த முடியாது. டத்தோ அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்க வேண்டும். டத்தோவுக்கு அடுத்த மூன்று மாதம் நேரமில்லை. திறப்பு விழா என்றால் வரவேற்பு நடனம் வேண்டும். புது அறை வந்துவிட்டது என்று சொல்லி டீச்சர் மலரைச் சம்மதிக்க வைத்தார். திரும்பி வந்தவள் நாலு வாரம் விடாமல் பயிற்சி செய்தாள். வீட்டில் மறுபடி ஜதி கேட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எந்தக் குறிப்பிலும் எழுத முடியாது.

விழா நாள் காலை பிள்ளைகள் பையோடு வந்து நின்றார்கள்.

"உள்ள போலாமா அண்ணே?" என்றார் டீச்சர்.

"இன்னும் திறக்கலையேம்மா," என்றார் தலைவர். "திறக்காத ரூம்ல எப்படி உடை மாத்துறது?"

"திறக்கறப்ப ஆடத்தான் உடை மாத்தணும் அண்ணே."

"அதான் நானும் சொல்றேன். திறந்ததும் மாத்திக்கலாம்."

ஸ்டோர் ரூமில் மீந்துபோன பளிங்கும் மரப்பெட்டிகளும் கூரைவரை நின்றன. கடைசியில் சமையல்காரரின் கேஸ் சிலிண்டர் தோம்புகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது. இராஜம்மாவும் மற்ற தாய்மார்களும் நாலு கைலியை விரித்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். மலர் தயங்கினாள். "நான் பிடிச்சிருக்கேன்ல, பயப்படாத லா," என்றார் இராஜம்மா.

அந்த நேரத்தில்தான் யாரும் எதிர்பாராத அசம்பாவிதம் நடந்தது. டத்தோ சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அடுத்து அம்பாங்கில் இன்னொரு திறப்பு விழா இருந்ததாம்.

மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். ரிப்பனை வெட்டிய டத்தோ கதவைத் தேடினார். தலைவர் ஓர் இடத்தில் அமுக்கினார், நான் ஓர் இடத்தில் அமுக்கினேன். ஐந்தாவது அமுக்கலில் சுவர் திறந்தது. உள்ளேயிருந்து ஏழாவது பழுப்பு பளிச்சிட்டது. கூட்டம் "ஆ" என்றது.

அந்த "ஆ" பின்புறம்வரை கேட்டுவிட்டது. தாய்மார்கள் கைலியைக் கீழே போட்டுவிட்டுப் போனுடன் ஓடி வந்தார்கள். இராஜம்மா டத்தோவோடு எடுத்த செல்பியில், புகைக் கண்ணாடி தயவால், பத்து வயது குறைந்து தெரிந்தார். அடுத்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். அறையில் நிற்க இடமில்லை. அதற்குள் அறிவிப்பாளர் நடனத்தை அழைத்துவிட்டார், பாட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது.

மறைப்பு இல்லாமல் உடை மாற்ற வழியில்லாத பிள்ளைகள் வந்த உடையிலேயே மேடை ஏறினார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் பேன்ட், ஆளுக்கொரு நிறத்தில் டி-சட்டை. மலர் முன் வரிசையில் ஆடினாள். தலையை ஒருமுறைகூட நிமிர்த்தவில்லை. லோகேஸ்வரி டீச்சர் ஓரமாக நின்று அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று டத்தோ மைக்கிலேயே சொன்னார்.

"நகை இல்ல, பட்டு இல்ல. வெரி மாடர்ன்! அறைக்கும் நடனத்துக்கும் என்ன பொருத்தம்!"

விஷ்ணுப்ரியா எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரும் எழுந்தார்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் தலைவர் விஷயத்தைத் தெளிவாக்கினார். "உடை மாத்தாமலே ஆட முடியும்னு பிள்ளைங்க நிரூபிச்சிட்டாங்க. இது நம்ம மன்றத்துக்குப் பெருமை." இனி நடனமணிகள் வீட்டிலிருந்து வரும் உடையிலேயே ஆட வேண்டும் என்றும், உடைமாற்றும் அறை சிறப்பு விருந்தினர்களுக்காகப் பாதுகாக்கப்படும் என்றும் தீர்மானம் வந்தது. சிறப்பு அழைப்பில் வந்திருந்த இராஜம்மா வழிமொழிந்தார்: "நல்லதுதான். அந்த மடிப்பு வெச்சித் தைக்கிற தலைவலி இல்ல லா."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து தீர்மானத்தைச் சொன்னதும் மலர் கேட்டாள். "யாருமே வேணாம்னு சொல்லலியாப்பா?"

"இல்லம்மா."

"நீங்களும் கை தூக்குனீங்களா?"

"பதினோரு பேர்ல நான் ஒருத்தன் தூக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

அவள் பரத உடையை மடித்துப் பையில் வைத்து, டீச்சரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். யாருக்காவது பயன்படட்டுமாம்.

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் பையைத் திறந்து பார்த்தார், மூடினார். "பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடணுமா, அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், பேனாவை எடுத்து நீட்டிவிட்டேன்.