ஏழாம் கம்பியை அறுக்கும் வேலை

திமிஷ்வாரா,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை வெத்தூரியாவுக்கு அக்காள் சவேத்தா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். லுகோஜில் நீயும் உன் முழங்காலும் சுகமா?

முதலில் நல்ல சேதிகள். பேரன் ஹோரியா பல் டாக்டராகிவிட்டான். பேத்தி இலிங்கா மூன்றாம் தடவையில், எதையும் இடிக்காமல், கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கடைக்குட்டி ருக்சாந்த்ராவுக்குக் காரின் பிரேக்கைக் கவனிக்கும் பெட்டியைச் சோதிக்க, அதற்கு வேண்டுமென்றே கோளாறு கொடுக்கிற வேலை. அதற்கென்று ஐந்து வருஷம் படித்திருக்கிறாள்; நாமெல்லாம் படிக்காமலே செய்தோம்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஆட்களை அவள் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொசொனாக் ரொட்டி சுட்டு எடுத்துப் போனேன். ஒரு பலகையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டைகள், டிக் டிக் என்று சத்தம்.

"என்னடி இது, கோழி கொத்துற மாதிரி?"

"ரிலே, பாட்டி. கம்ப்யூட்டர் சொன்னா தானா திறக்கிற சுவிட்சு. ஏழாவதைத் திறந்தா, சக்கரத்துலேருந்து வர்ற கம்பி அறுந்துபோச்சுன்னு பெட்டி நெனச்சுக்கும். மஞ்ச விளக்கு எரியணும்."

"எரியலேன்னா?"

"என்னை நிரந்தரமாக்க மாட்டாங்க. இன்னிக்குத்தான் முடிவு."

மேலாளர் ஷெர்பான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் ஏழு என்று தட்டினாள். டிக். விளக்கு எரியவில்லை. மறுபடி தட்டினாள், அதே கதை. "பெட்டி சரியில்லையா, பொண்ணு சரியில்லையா?" என்றார் அவர். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏழுன்னுதானே தட்டினே? எட்டுன்னு எழுதியிருக்கிற கட்டையிலல்லவா பொட்டு வெளிச்சம் வருது."

"பாட்டி, போய் எல்லாருக்கும் ரொட்டி குடுங்க."

"குடுத்தாச்சு. அந்தக் கம்ப்யூட்டர் நம்ம அடுக்குமாடி மாதிரியா? தரைத்தளத்தை விட்டுட்டு அதுக்கு மேலதான் ஒண்ணா?"

ருக்சாந்த்ரா என்னை முறைத்தாள். பிறகு பலகையை முறைத்தாள். பலகையில் ஒன்றிலிருந்து எண் ஒட்டியிருக்க, கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறதாம். அதன் ஏழு, நம் எட்டு. எட்டில் கம்பியே மாட்டவில்லை. ஆறு என்று மாற்றித் தட்டினாள். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. நம் காரில் எரிந்தால் அழுவோம், இவர்கள் கை தட்டினார்கள். ஷெர்பான் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் இன்னும் புரியவில்லை: அறுந்தது பொய் என்று பின்னால் அந்தப் பெட்டிக்கு யாராவது சொல்வார்களா?

உன் வீட்டில் எல்லாரையும் ஆண்டவர் நன்றாக வைக்கட்டும்.

அக்காள்,
சவேத்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் ருக்சாந்த்ரா இதைப் படித்துவிட்டாள். "வாசல்ல கையெழுத்து போட்டீங்களே, உள்ளே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன்னு. கெடச்ச வேலையை நீங்களே பிடுங்கிடுவீங்க போலிருக்கே, பாட்டி" என்கிறாள். ரொட்டிக்கு ரசீது என்றல்லவா நினைத்துப் போட்டேன். ஆகவே வெள்ளிக்கிழமை நான் எங்கும் போகவில்லை, எதையும் பார்க்கவில்லை. படித்ததும் அடுப்பில் போடு. பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். உன் பேத்தியின் புதுப் போட்டோ ஒன்றை மட்டும் தபாலில் அனுப்பு.