பந்தயத்துக்கு முந்தின நாள் தூக்கிய மாவு அண்டா

தொடைக்கும் மூளைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் பாயாது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் சொல்கிறேன் என்பதால் நம்ப வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள்.

ஊர் ஊராகச் சுற்றிக் கல்கத்தாவில் ஒதுங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. லேக் மார்க்கெட்டில் ஒரு இட்லிக் கடையில் மாவரைக்கும் வேலை. படுக்கை, கடை மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே. (எலிகள் மரியாதையானவை.) காலையில் ஏரியைச் சுற்றி ஓடுவேன். அங்கே பேட்டை கிளப்புக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்த புலுதா என்னையும் சேர்த்துக்கொண்டார். (வங்காளத்தில் அண்ணனுக்குத் 'தாதா', பெயரோடு ஒட்டினால் 'தா'.) ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டம். முதல் நாலு பேருக்கு டார்ஜிலிங் பந்தயம், ரயில் டிக்கெட் கிளப் செலவு. அதுவரை நான் டிக்கெட்டோடு ரயிலேறியதில்லை. பனிமலையும் பார்த்ததில்லை.

"முட்டி தாங்கணும்னா தொடையில பலம் வேணும்" என்றார் புலுதா. "முதல்ல வெறுங்கையோட உட்கார்ந்து எழு. பழகினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கனம் சேர்த்துக்கோ. ஓட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திடணும், பாபா!"

அதெல்லாம் ஆபீஸ் பாபுக்களுக்கு என்று நானே தீர்ப்பெழுதினேன். சனிக்கிழமை மத்தியானம், புதிதாக அரைத்த மாவு அண்டாவைத் தோளில் ஏற்றி ஐம்பது முறை உட்கார்ந்து எழுந்தேன். சமையல் மாஸ்டர் சுப்பு அண்ணன் பார்த்துவிட்டார்.

"டேய், பொங்க வேண்டியது மாவு. நீ எதுக்குடா பொங்கறே?"

"ட்ரெய்னிங் அண்ணே!"

"கீழ போட்டே, நாளைக்கு உன்னத்தான் ஆவியில வேக வைப்பேன்."

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதில் வேறு எனக்குப் பெருமை!

விடிந்தபோது தொடை இரண்டும் யாருடையவையோ. மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். (கழிப்பறை விவரம் வேண்டாம். ஜன்னல் கம்பி காப்பாற்றியது.)

ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்றபோது ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. கட்டலாம் என்று குந்தினேன். குந்தியதோடு சரி. விசில் ஊதினார்கள். மொத்தக் கூட்டமும் என்னைச் சுற்றி விலகி ஓடியது.

"எழுந்திருடா!" என்று ஓடிவந்தார் புலுதா.

"முடியல, தாதா."

"நேத்து என்ன பண்ணினே?"

சொன்னேன். புலுதா தலையில் கைவைத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு சுற்று முடித்து வந்தவர்கள் எங்கள் இருவரையும் தாண்டிப் போனார்கள்.

"டார்ஜிலிங் எங்கேயும் போகாது" என்றார் கடைசியில். "உன் முட்டி இருக்குமான்னு பாரு."

தேர்வானவர்கள் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினார்கள். பின்னால் பனிமலை, முன்னால் என்னைப் போலவே குந்தி, லேஸைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். பின்னாளில் வந்த என் மனைவி அதைக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் என் மகள் காட்டுவாள்:

"இதுதான் எங்க அப்பா போட்டோ. அப்பா மட்டும் இதுல இல்ல."