நான்கு தட்டு பிரெஞ்சு

பிரெஞ்சு மொழியைத் துணிபோல மேசையில் விரித்து வெட்டிப் படித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவில், பத்து பகாட் ஊரில், எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் இருந்தார். துணி வெட்டுபவர். எங்களுக்குக் கத்திரி அண்ணன்.

மகள் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கல்யாணம் செய்யப் போகிறாள். "அப்பா, என் மாமியார்கிட்ட ஒரு வார்த்தையாவது நீங்களே பேசணும்" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. மதிய வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கும். அதனோடு அவரும் மிதப்பார். வெட்டுமேசையில் சாக்கட்டியால் வினைச்சொல் எழுதுவார், வாய் முணுமுணுக்கும்.

"இங்க பாரு லா. நேசிக்கிறதுக்கு 'எம்'தான் உடம்பு. 'நாங்க'ன்னா 'ஓன்' கை வைக்கணும். 'நீங்க'ன்னா 'ஏ' கை."

"சட்டை மாதிரிதானே அண்ணே?"

"அப்படித்தான் நெனச்சேன். வாயில சொன்னா தையல் நகர்ந்துடுது. 'எம்-ஓன்' இல்ல, 'எ-மோன்'! அலமாக், எவன் தச்சான் இதை?"

நகர்ந்த தையலைப் பிடிக்க ஒரு வழி கண்டார். அசைக்கு ஒரு தட்டு. நூ, வூ, ஸெ, மோன். ('வூ'வோடு ஒட்டினால் 'எ' 'ஸெ' ஆகிவிடுமாம்.) 'நாங்கள் உங்களை நேசிக்கிறோம்.' நாள் முழுக்க மேசையில் உள்ளங்கை விழும். எங்கள் தையல் இயந்திரங்களே அந்தத் தாளத்தில் ஓட ஆரம்பித்தன.

கல்யாண நாள். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கை நிறைய அட்சதையோடு நாங்கள் காத்திருந்தோம். பட்டுச்சேலையில் சம்பந்தியம்மா எதிரே நின்றார். மகள் கண்ணைக் காட்டினாள். அண்ணன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கை மேசையைத் தேடியது. மேசைக்கு எங்கே போவது? பக்கத்தில் தவில்காரர் தவிலை வைத்துவிட்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்கையால் நாலு போடு போட்டார் பாருங்கள்! மேளம் கேட்டால் நம் ஆள்கள் யோசிப்பார்களா? மண்டபம் முழுக்க அட்சதை பறந்தது. நாதஸ்வரக்காரர் பதறிப்போய் ஊத ஆரம்பித்தார்.

"ஐயோ, தாலி இன்னும் மேடைக்கே வரல!" என்று ஐயர் அலறினார்.

அந்த அரிசி மழைக்குள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "நூ-வூ-ஸெ-மோன்."

சம்பந்தியம்மா இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்தார் போலும். தலையெல்லாம் அரிசி, கண்ணெல்லாம் நீர். குனிந்து தவிலில் மெதுவாக நாலு தட்டு தட்டி, அதையே திருப்பிச் சொன்னார். அண்ணன் சின்னப்பிள்ளைபோல அழுதார்.

இப்போது அவர் மகளோடு பிரான்சில் இருக்கிறார். மத்தியானம் கண் சொக்கும்போது என் விரல் தானாக மேசையில் நாலு முறை தட்டும். எதிர் வரிசையிலிருந்து யாராவது திருப்பித் தட்டுவார்கள்.

நாங்களும்தான், அண்ணே.