பத்தாவது வேகன்

"மூணாவது படமும் பத்தாவது படமும் ஒரே வண்டிங்க. ஒண்ணு மூஞ்சி, இன்னொண்ணு முதுகு. செல்லாது" என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள் கணக்கு டீச்சர்.

அவள் கணவரான கண் டாக்டர் படங்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தார். கப்பலேறி வந்த பழைய ஸ்டேஷன் வேகன் அவருடையது. முன்பாதி கார், பின்பாதி கூடம். "நடுரோட்டுல நின்னா இதைத் தொட இங்க எந்த மெக்கானிக்குக்குத் தெரியும்? இதே வண்டி ஊருக்குள்ள இன்னும் பத்து ஓடுதுன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா வித்துடுங்க" என்று அவள் கெடு வைத்திருந்தாள். இன்றுதான் ஞாயிறு. கையில் ஒன்பது.

"கிளம்புங்க, வித்துட்டே வந்துடலாம்" என்று டீச்சர் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டாக்டர் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கப் போகிறவர் மாதிரி ஓட்டினார்.

இரண்டாவது சிக்னலில் அலறினார். "அந்தா! அந்தா! நீலம்!"

"ஒம்பதுல மூணு நீலம். நம்பரைப் பாக்காம ஒத்துக்க மாட்டேன்."

வேகன்காரர்கள் சாலையில் சந்தித்தால் இரண்டு தடவை ஹெட்லைட்டைப் போட்டு வணக்கம் சொல்வது வழக்கம். டாக்டர் போட்டார். நீல வண்டி பதிலே சொல்லாமல் சட்டென்று ஒரு சந்தில் திரும்பியது.

"கவனிக்கல போலிருக்கு" என்று பின்னாலேயே திரும்பி ஹாரன் அடித்தார். அது வேகமெடுத்தது. கையை வெளியே நீட்டி ஆட்டினார். அது பிய்த்துக்கொண்டு பறந்தது.

"ஏங்க, நம்மள வழிப்பறிக்காரங்கன்னு நெனச்சிருப்பாங்க!"

"அப்ப நீ எட்டிப் பார்த்துச் சிரி. பொம்பளையைப் பார்த்தா நம்புவாங்க."

டீச்சர் சிரித்தாள். பரீட்சைத் தாள் கொடுக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. நீல வண்டி தலைதெறிக்க ஓடி, இயந்திரத்தில் கார் கழுவும் கூடத்துக்குள் புகுந்துகொண்டது.

டாக்டர் விடுவாரா? கட்டடத்தைச் சுற்றி வந்து, வெளியேறும் வாசலை மறித்துக் குறுக்கே நிறுத்தினார்.

"கண்ணாடியை ஏத்துங்..." என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து நுரைத்தண்ணீர் பீச்சியடித்தது. டீச்சர் உச்சி முதல் பாதம்வரை சோப்பாகிவிட்டாள்.

தண்ணீர் நின்றது. எதிரே நீல வண்டி பளபளவென்று வந்து நின்றது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் நம்பரைப் பார்த்தாள். ஒன்பது படங்களோடும் ஒப்பிட்டாள். மனசு வராமல் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிட்டாள்.

"புது நம்பர்தான்" என்றாள் பல்லைக் கடித்தபடி. "பத்து. வண்டியை வச்சுக்குங்க, போங்க."

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி பிழைத்துவிட்டது! கார் கழுவும் ஆளின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் வேகனின் கூரையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு, தெய்வமாக வந்து சேர்ந்த அந்த நீல வண்டிக்காரரைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்துக்கொண்டு ஓடினார்.

அந்த மனுஷரோ ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிமிரவே இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து அவர் மனைவி மெல்ல இறங்கினாள். இரண்டு வேகன்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊர்லயே இது ஒண்ணே ஒண்ணுதான்னு சத்தியம் பண்ணித்தானே வாங்குனீங்க? அப்ப ஒரு மாசமா 'குறுக்கு வழி, குறுக்கு வழி'ன்னு என்னைச் சந்து சந்தாச் சுத்தவிட்டது இதுக்குத்தானா?"