சம்பந்தியோடு வெந்நீர்

“உள்ளாடையும் கூடாதாம்,” என்றார் கந்தையா.

மனோரஞ்சிதம் கறிக்கு லீக்ஸ் வெட்டுவதை நிறுத்தவில்லை. “எங்க கூடாதாம்?”

“தண்ணிக்குள்ள. துவாயும் கூடாதாம். துவாயை மடிச்சுத் தலையில வைக்கலாமாம்.”

“நல்லதுதானே. தலை நனையாது.”

கந்தையா மடிக்கணினியை மனைவியின் பக்கம் திருப்பினார். ஜப்பானில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்த விடுதியின் இணையப் பக்கம் அது. கணினி தானாகவே மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழில் இப்படி இருந்தது: ‘எங்கள் வெந்நீர் ஊற்று உங்கள் நிர்வாணத்தை மனமார வரவேற்கிறது. ஆடையுடன் இறங்குவோர் அன்புடன் வெளியேற்றப்படுவர்.’

“ஆம்பிளையளுக்கு ஒரு தொட்டி, பொம்பிளையளுக்கு ஒரு தொட்டி,” என்று வாசித்தார் கந்தையா. “அப்ப என்ர தொட்டிக்குள்ள ஆர்?”

“சம்மந்திதான்.”

“அதைத்தான் சொல்லுறன்.”

விஷயம் இதுதான். அவர்களுடைய மகள் சாரங்கிக்கும் விபோர்க் நகரில் இருக்கும் யோகராஜாவின் மகன் நிதர்சனுக்கும் ஓகஸ்டில் கலியாணம். அதற்கு முன் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் நெருங்கிப் பழகட்டும் என்று அவர்கள் நால்வரையும் பிள்ளைகள் பத்து நாள் ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். எல்லா ஒழுங்கும் சாரங்கி செய்துவிட்டாள். “என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை” என்று தகப்பன் முணுமுணுத்ததால், வெந்நீர் ஊரில் இரண்டு இரவு தங்கும் இடத்தை மட்டும் தெரிவு செய்யும்படி விட்டிருந்தாள். ஒரு சோபா தெரிவு செய்ய நாலு மாதம் எடுத்து, வாங்கிய பிறகு அதைப் படுக்கை விரிப்பால் மூடி வைத்த மனிதரிடம் விட்டிருந்தாள். அவர் முதல் நாள் மாலைதான் இந்த விடுதியில் நாலு பேருக்கும் இடம் பிடித்து எல்லோருக்கும் விவரம் அனுப்பியிருந்தார்.

கந்தையாவின் கூச்சம் சாதாரணக் கூச்சமல்ல. காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, ஒருநாள்கூட அங்குள்ள பொதுக் குளியலறையில் குளித்ததில்லை. பிசின் மணத்தோடே வீட்டுக்கு வருவார். கோயிலுக்குள் போனால் மேல்சட்டை கழற்ற வேண்டும் என்பதற்காகத் திருவிழாக் காலத்தில் கார்களுக்கு இடம் காட்டும் தொண்டைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர். பெற்ற மகளே அவர் முதுகைப் பார்த்ததில்லை.

“நான் அறிஞ்ச வெந்நீர் எங்கட நாட்டில கன்னியாக் கிணறுதான்,” என்றார். “அங்க வாளியால அள்ளி, உடுத்த உடுப்போடதான் குளிச்சனாங்கள். ஒருத்தரும் அன்போட வெளியேத்தேல்லை.”

“உடம்புதானேப்பா,” என்றாள் மனோரஞ்சிதம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். “எங்கட பிராண்டே ஊரில டேனிஷ்காரர் பாதிப் பேரை நான் குளிப்பாட்டியிருக்கிறன்.”

“அவையள் சம்மந்தி இல்லையே. அந்த மனுசனுக்கு முன்னால நான் வெறும் சாரம் கட்டிக்கொண்டுகூட நிண்டதில்லை.”

அது உண்மை. இந்தச் சம்பந்தம் லேசாக வந்ததல்ல. இவர்கள் கோயில்காரர், அவர்கள் கிறிஸ்தவச் சபைக்காரர். ஒரு வருடம் பேசி, இரண்டு பக்கமும் இறங்கி வந்து பொருந்தியது. அன்றிலிருந்து இரண்டு தகப்பன்மாரும் ஒருவரையொருவர் கண்ணாடிச் சாமான்போல் கையாண்டார்கள். போன மார்கழியில் விபோர்க் வீட்டு வாசலில் “நீங்கள் முதல் போங்கோ சம்மந்தி”, “இல்லை, நீங்கள் போங்கோ” என்று பனிக்குள் நின்றவர்களைப் பார்த்து, சூடு வெளியே போகிறது என்று யோகராஜாவின் மனைவி தேவமலர் கதவைச் சாத்திவிட்டாள்.

அன்று மத்தியானமே கந்தையா விடுதியை மாற்றி, புதிய பதிவை எல்லோருக்கும் அனுப்பினார். இரண்டாவது விடுதியில் ‘குடும்பக் குளியல்’ இருந்தது. உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய தனித் தொட்டி, வேறு எவரும் வரமாட்டார்கள். நிம்மதியாகச் சோறு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யோகராஜா அழைத்தார்.

“உங்கட தெரிவு நல்லா இருக்கு சம்மந்தி. ஒரு சின்னச் சந்தேகம். குடும்பக் குளியல் எண்டு போட்டிருக்கு.”

“ஓம் சம்மந்தி. ஒதுக்கமா இருக்கும்.”

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எண்டு போட்டிருக்கு.”

“ஓம்.”

“நாலு பேர் எண்டு போட்டிருக்கு.”

கந்தையா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டார். நாலு பேர், ஒரு குடும்பம், ஒரு தொட்டி, நாற்பத்தைந்து நிமிடம். நாலு பேரில் தேவமலரும் ஒருத்தி என்பது மெல்ல உறைத்தது.

“உங்களுக்கு அதுதான் விருப்பமெண்டால் எங்களுக்கு மறுப்பில்லை,” என்றார் யோகராஜா. “தேவமலரைத்தான் கேக்கவேணும். அவ காலமையில இருந்து செபத்தில இருக்கிறா.”

“இல்லைச் சம்மந்தி, அது கணினி விட்ட பிழை,” என்று சொல்லிக் கந்தையா போனை வைத்தார். காது சிவந்திருந்தது.

மூன்றாவது தடவை அவர் நன்றாக யோசித்தார். ஒவ்வொரு அறைக்கும் சொந்தத் தொட்டி உள்ள விடுதிகளாகத் தேடினார். இருந்தன. ஆனால் எந்த விடுதியிலும் அந்தத் திகதிக்கு ஒரு அறைக்கு மேல் மிச்சம் இல்லை. பரவாயில்லை என்று ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு விடுதியில் தங்களுக்கும், அந்தக் கரையில் ஒரு விடுதியில் அவர்களுக்கும் பதிவு செய்தார். நடுவில் பாலம் இருந்தது. பாலத்தில் சந்தித்து, நிறைய உடுப்போடு, படம் எடுக்கலாம்.

மறுநாள் தொழிற்சாலை இடைவேளையில் சாரங்கி அழைத்தாள். சாரங்கி வழக்கமாகப் பேசுவது டேனிஷ். கோபம் வந்தால் வேகமான டேனிஷ். மிகுந்த கோபம் வந்தால் மட்டும் தகப்பன் ஒரு சொல்லும் தவறவிடக்கூடாது என்று தமிழுக்கு வருவாள். அன்று தமிழ்.

“அப்பா, நிதர்சன்ட அம்மா அழுறா.”

“ஏன் பிள்ளை?”

“வேதக்காரரோட ஒரு கூரைக்குக் கீழ படுக்க மனமில்லாமல் ஆத்தைக் குறுக்க விட்டிருக்கிறீங்களாம்.”

“ஐயோ, அது தொட்டிப் பிரச்சினை.”

“என்ன தொட்டி?”

பெற்ற மகளிடம் அந்தத் தொட்டியைப் பற்றி எப்படி விளக்குவது?

“ஒரு வருசம் கஷ்டப்பட்டு ரெண்டு வீட்டையும் சேத்தனாங்கள்,” என்றாள் சாரங்கி. அவள் குரல் உடைந்தது. “இதைக் குழப்பிப்போடாதேங்கோ அப்பா.”

மகள் கடைசியாக இப்படி அழுதது பத்து வயதில், சைக்கிளிலிருந்து விழுந்தபோது. அன்றும் சைக்கிளைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ரத்துச் செய்து, முதல் விடுதிக்கே திரும்பினார். ஒரே கூரை, நாலு பேர், நிர்வாணத்தை மனமார வரவேற்கும் வெந்நீர். விதிகளை இன்னொருமுறை கடைசிவரை வாசித்தபோதுதான் ஆறாவது விதி கண்ணில் பட்டது: ‘உடம்பில் பச்சை குத்தியவர்கள் நீரில் இறங்க அனுமதி இல்லை.’

கந்தையா எழுந்து நின்று சுவாமிப் படத்தைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டு விபோர்க்குக்கு அழைத்தார்.

“சம்மந்தி, எல்லாரும் ஒரே இடத்திலதான் தங்கிறம். ஆனால் எனக்குத்தான் குளிக்கக் குடுத்து வைக்கேல்லை. எனக்குப் பச்சை குத்தியிருக்கு.”

“உங்களுக்கோ?”

“இளம் வயசில செய்தது.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. யோகராஜா நகரசபை அலுவலகத்தில் வேலை செய்பவர். எதையும் அச்செடுத்துக் கடைசி வரிவரை வாசிப்பவர். “சின்னன் எண்டால் மேல ஒரு பிளாஸ்டர் ஒட்டிப்போட்டு இறங்கலாமாம் சம்மந்தி. கீழ எழுதிக் கிடக்கு.”

“சின்னனில்லை.”

“எவ்வளவு?”

“முதுகு முழுக்க.”

“என்ன படம் எண்டு கேக்கலாமோ?”

கந்தையா சுற்றுமுற்றும் பார்த்தார். தமிழ்க் கடைக் கலண்டரில் முருகன் நின்றுகொண்டிருந்தார். “மயில்.”

“முழு மயிலோ?”

“தோகை விரிச்சது.” சொன்ன பிறகுதான் விரிக்காமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது. “நீங்கள் போய் ஆறுதலாக் குளியுங்கோ. நான் வெளியில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்.”

“தனியவோ?”

“தனியத்தான்.”

“அது எப்பிடிச் சம்மந்தி,” என்று இழுத்தார் யோகராஜா. “சரி, நான் யோசிக்கிறன்.”

மூன்று நாள் கந்தையா விசிலடித்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் தேவமலர் மனோரஞ்சிதத்தை அழைத்தாள். மனோரஞ்சிதத்துக்கு மயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. “ஓம் தங்கச்சி” என்று தொடங்கியவள், கண்கள் விரிய, போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

“உங்கட மயில் எந்தப் பக்கம் பாக்குது எண்டு கேக்கிறா.”

கந்தையா சத்தமில்லாமல் கைகூப்பினார். பிறகு வலப்பக்கம் காட்டினார்.

“வலப்பக்கம் தங்கச்சி,” என்றாள் மனோரஞ்சிதம். “என்னது? தோகையோ?” மறுபடி பொத்தினாள். “இடுப்பு வரைக்குமோ, இன்னும் கீழயோ?”

கந்தையா அவசரமாக இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

“இடுப்போட சரி,” என்று சொல்லிப் போனை வைத்த மனோரஞ்சிதம், கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தாள். “முப்பத்தொரு வருசமா அந்த முதுகுக்குச் சித்தாலேபத் தைலம் பூசுறன். ஒரு இறகைக்கூடக் காணேல்லையே.”

கந்தையா எல்லாவற்றையும் சொன்னார்.

“எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ.”

“இப்ப எப்பிடிச் சொல்லுறது மனோ? முதல்ல ஆத்தைக் குறுக்க விட்டன். இப்ப மயிலும் பொய் எண்டால், தங்களோட இருக்க விருப்பமில்லாமல்தான் இந்த ஆட்டம் எண்டு நினைப்பினம். பிள்ளையின்ட கலியாணம்.”

மனோரஞ்சிதம் எழுந்தாள். சித்தாலேபப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மயிலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றாள்.

மூன்று கிழமை விபோர்க்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விஷயம் ஆறிவிட்டது என்று கந்தையா நினைத்திருந்த வியாழக்கிழமை சாரங்கியின் குறுஞ்செய்தி வந்தது. சனிக்கிழமை தானும் நிதர்சனும், மாமா மாமியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம். மயிலை எல்லோரும் பார்க்க வேண்டுமாம். மாமாவும் ஏதோ காட்ட வேண்டுமாம்.

“எனக்குச் சமைக்கத் தெரியும்,” என்றாள் மனோரஞ்சிதம். “மயில் வளக்கத் தெரியாது.”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கந்தையா ஹேர்னிங்குக்குக் காரை விட்டார். பச்சை குத்தும் கடைக்கு முன்னால் மூன்று தடவை சுற்றி, தெரிந்த தமிழர் எவரும் தெருவில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே போனார். தோள் முதல் விரல் வரை கொடிகளும் பூக்களுமாக ஒரு இளம் டேனிஷ்காரி வரவேற்று, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். பல்வைத்தியர் கடையைவிட இது எவ்வளவோ நல்ல இடம் என்று அவருக்குப் பட்டது.

“உண்மையாகக் குத்த வேண்டாம்,” என்றார் தன் தொழிற்சாலை டேனிஷில். “ஸ்டிக்கர் மாதிரி ஒட்டினால் போதும். ஒரு நாளைக்கு இருந்தால் சரி.”

“ஒட்டலாம். என்ன படம்?”

“மயில்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எவ்வளவு பெரிது?”

“முதுகு முழுக்க. தோகை விரித்தது. வலப்பக்கம் பார்க்க வேண்டும்.”

அவள் பேனையைக் கீழே வைத்தாள். “எதற்கு என்று கேட்கலாமா?”

கேட்டிருக்கக் கூடாது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கந்தையாவிடமிருந்து வெளியே வந்தது. ஜப்பான், வெந்நீர், தலையில் துவாய், ஆறாவது விதி. “குளிக்கப் போகாமல் இருக்கத்தான் சொன்னேன். கூட வருகிறவர் வேறு யாருமென்றால் பரவாயில்லை. அவர் என் மகளைக் கட்டப்போகிற பையனுடைய, அந்தப் பையனுடைய அப்பா.” டேனிஷில் அந்த உறவுக்கு ஒரு சொல்லும் இல்லை. கைகளால் இரண்டு வீடுகளைக் காட்டி, அவற்றை ஒட்டிக் காட்டினார். “அப்படியானவரை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.”

“சம்மந்தி,” என்றாள் அவள், அழகான தமிழில்.

கந்தையா தேநீரைக் கீழே வைத்தார்.

“விபோர்க்கிலிருந்து வந்தவர் சொல்லித் தந்தார்,” என்றாள் அவள். “ஸ்டிக்கரே போதும் என்று அவருக்கும் எவ்வளவோ சொன்னேன், சம்மந்தி வெளியே தனியாக நிற்கும்போது தான் மட்டும் உள்ளே போய்க் குளிப்பது மரியாதை இல்லையாம், மரியாதையில் பொய்யும் கூடாதாம் என்று, மூன்று கிழமையாக வந்து குப்புறப் படுத்து முழு மயிலையும் உண்மையாகவே குத்திக்கொண்டு போனார்.”